பின்கோடு காட்டும் இடம் நம்ம கடைதானா?



போன தீபாவளிக்கு முந்தின வாரம் நம் கூட்டமைப்புக் கடைக்கு 40 கிலோ கம்பு முறுக்கு ஆர்டர் வந்தது. பத்து பேர் ராத்திரி கண் விழித்துச் சுட்டு, பாக்கெட் போட்டு வைத்தோம். மறுநாள் மதியம் சரக்கு ஏற்ற வந்த லோடு ஆட்டோக்காரத் தம்பி போன் செய்தார். "அக்கா, உங்க வெப்சைட் மேப்பு காட்டுற இடத்துல போஸ்ட் ஆபீஸ்தான் இருக்கு. கடையை எங்கக்கா காணோம்?"

அவர் நின்ற இடம் நம் கடையிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி. வழி சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு சாயங்கால ரயிலில் பார்சல் ஏற்றும் நேரம் நெருங்கிவிட்டது. அப்படியே திரும்பிப் போய்விட்டார். முறுக்கு கடையிலேயே தங்கிவிட்டது.

தப்பு யார் மேல்? நம் மேல்தான். வெப்சைட் தயாரித்தபோது மேப்புக்காக நாம் கொடுத்தது பின்கோடு மட்டும். அது போதும் என்று நினைத்துவிட்டோம். அது ஏன் போதாது என்று இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

பின்கோடு என்பது என்ன?

1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் துறை பின்கோடு முறையைக் கொண்டு வந்தது. கடிதங்களைப் பிரித்து அனுப்புவதற்காக வைத்த 6 இலக்க எண் அது. முதல் இலக்கம் நாட்டின் பெரிய பகுதியைக் குறிக்கும். தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு ஆகியவற்றுக்கு 6. கடைசி மூன்று இலக்கம் கடிதம் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் குறிக்கும்.

நாட்டில் 1.5 லட்சத்துக்கும் அதிகமான அஞ்சலகங்கள் உண்டு. பின்கோடுகளோ ஏறக்குறைய 19,000தான். ஆக, ஒரே பின்கோட்டைப் பல கிளை அஞ்சலகங்களும், அவற்றைச் சேர்ந்த பல ஊர்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நம்ம ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் ஒரே எண் இருப்பது இதனால்தான்.

மேப்புக்கு வேண்டியது வேறு எண்

மேப்பில் ஒரு புள்ளி வைக்க இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று அட்சரேகை: பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு வடக்கு, தெற்கு என்று சொல்லும். இன்னொன்று தீர்க்கரேகை: எவ்வளவு கிழக்கு, மேற்கு என்று சொல்லும். மதுரை நகருக்கு இவை ஏறக்குறைய 9.92, 78.12.

பின்கோட்டை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இந்த எண்கள் வராது. எந்தப் பின்கோட்டுக்கு எந்தப் புள்ளி என்று ஒரு பட்டியல் இருக்கும். வெப்சைட் அதைப் பார்த்துத்தான் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளி அஞ்சலகமாக இருக்கலாம், பட்டுவாடா பகுதியின் நடு இடமாகவும் இருக்கலாம். நம்ம கடை வாசலாக இருப்பது அதிர்ஷ்டம் இருந்தால்தான்!

சரியான புள்ளியை நாமே எடுப்போம்

1. கடை வாசலில், வெட்டவெளியில் நின்று, போனில் லொக்கேஷனை ஆன் செய்யுங்கள்.

2. கூகுள் மேப்பைத் திறந்து, நீங்கள் நிற்கும் நீலப் புள்ளியைப் பெரிதாக்கி, அதன் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சிவப்புக் குறி விழும். இரண்டு எண்களும் தெரியும்.

3. அவற்றை நோட்டில் எழுதுங்கள். அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அடுத்து. புள்ளிக்குப் பிறகு 5 இலக்கம் எழுதுங்கள். 2 இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வரை இடம் தள்ளிப் போகலாம். 4 இலக்கம் என்றால் சுமார் 10 மீட்டர், 5 என்றால் சுமார் ஒரு மீட்டர்தான் வித்தியாசம்.

4. சரிபாருங்கள். தமிழ்நாட்டுக்குள் முதல் எண் 8க்கும் 14க்கும் நடுவில் இருக்கும், இரண்டாவது 76க்கும் 81க்கும் நடுவில். மதுரையின் எண்களை மாற்றிப் போட்டால் புள்ளி வடதுருவத்துப் பக்கம் பனிக்கடலில் போய் நிற்கும்!

5. வெப்சைட் பார்ப்பவரிடம் இந்த எண்களைக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். பிறகு, நம்ம ஊருக்கு வழி தெரியாத ஒருவரை மேப்பைப் பார்த்தே வரச் சொல்லுங்கள். அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தால்தான் வேலை முடிந்தது.

அஞ்சல் துறையே 2025 மே மாதம் 'டிஜிபின்' என்ற முறையை வெளியிட்டது. நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 10 இடக் குறியீடு தருகிறது. நம் கடைக்கு அதையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பின்கோடே போதுமான இடமும் உண்டு

"எங்க ஊருக்குப் பக்கத்தில் உங்க கடை எது?" என்று கேட்பவருக்கு அவர் பின்கோடு போதும். ஆனால் வெப்சைட் நேர்கோட்டுத் தூரம்தான் சொல்லும். நடுவில் ஆறு இருந்தால் ரோடு சுற்றும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

எந்தெந்தப் பகுதியில் நம் குழுக்கள் இருக்கின்றன என்று காட்டவும் பின்கோடு போதும். உறுப்பினர்களின் வீட்டுப் புள்ளியைப் போட வேண்டாம். தனியாக இருக்கிற பெண்ணின் வாசலை ஊர் உலகத்துக்கெல்லாம் எதற்குக் காட்ட வேண்டும்? சரக்கு விற்கும் இடத்துக்கு வாசல் வரை காட்டுவோம். வீட்டுக்குப் பகுதி மட்டும் போதும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

* நம் பின்கோட்டில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன?
* மேப்பில் நம் கடைப் புள்ளி எங்கே நிற்கிறது? யார் போய்ப் பார்த்து வருவது?
* யாருடைய வீட்டு இடமாவது தெரியாமல் வெளியே போயிருக்கிறதா?

ஊக்குநரும் பிரதிநிதிகளும் விடைகளைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். புள்ளியை மாற்றிய பிறகு நம் கடைக்கு வந்த அடுத்த வண்டி, யாருக்கும் போன் போடாமலே வாசலில் வந்து நின்றது.