விடியற்காலையில் துவண்டுபோகும் பிள்ளை

சில பிள்ளைகள் இரவு நன்றாக நித்திரை கொள்வார்கள். விடியும் வேளையில் வியர்த்து, உடல் குளிர்ந்து, துவண்டுபோய்க் கிடப்பார்கள். சிலருக்கு வலிப்பும் வரும். நாவூறு என்றும் கிரந்தி என்றும் சொல்லி நூல் கட்டுகிறோம். வயிறு ஊதியிருந்தால் பூச்சி மருந்து கொடுக்கிறோம். இது திரும்பத் திரும்ப நடந்தால் முதலில் பார்க்கவேண்டியது இரத்தத்திலுள்ள குளுக்கோசின் அளவையே. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் போதும்.

நாம் உண்ணும் சோறும் பிட்டும் குளுக்கோசாக மாறுகின்றன. மிஞ்சுவதை ஈரல், நெல்லைக் கொம்பறையில் இடுவதுபோல, கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது; வயிறு வெறுமையானதும் எடுத்துக் கொடுக்கிறது. சில பிள்ளைகளிடம் கொம்பறை நிறைந்திருக்கும், திறப்பு இராது. அதனாலேயே ஈரல் வீங்கி வயிறு முன்தள்ளுகிறது. 1929 இல் வொன் கீர்க்கே என்ற ஜெர்மன் வைத்தியர் இந்நோயை விபரித்தார். அந்தத் திறப்பு ஒரு நொதியம் என்பதை 1952 இல் கோரி தம்பதியர் காட்டினர்.

பழுதான பரம்பரை அலகு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் வந்தால்தான் நோய் உண்டாகும். ஆகவே தாயை மட்டும் குறைகூறும் மாமிமார் சற்றுப் பொறுக்கவேண்டும். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு; ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்பதில்லை. மச்சான் மச்சாள் திருமணத்தில் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்புக் கூடும்.

மருந்து நமக்குத் தெரிந்த பொருள்தான். சமைக்காத சோள மாப்பொருள் குடலில் மெல்ல மெல்லச் செரித்து மணிக்கணக்காகக் குளுக்கோசு தரும் என்று 1984 இல் அமெரிக்க வைத்தியர்கள் அறிவித்தனர். தோட்டத்துச் சோளத்தை இடித்த மா அன்று. கடையில் கோன் பிளவர் என்று விற்கும் வெள்ளை மா. ஆறிய தண்ணீரில் கரைக்கவேண்டும். காய்ச்சினால் விரைவில் செரித்துப் பயனற்றுப்போகும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இது செரிக்காது. அளவையும் நேரத்தையும் பிள்ளைநல வைத்தியரே சொல்லவேண்டும். குளுக்கோசு குறையும் பரம்பரை நோய்கள் வேறும் உண்டு. அவற்றில் ஒன்றில் சீனியும் பழமுமே பிள்ளையை வீழ்த்தும். எனவே நாமாக வைத்தியம் பார்ப்பது ஆபத்து.

இடம்பெயர்ந்து, சமைத்த உணவுக்கு வரிசையில் நிற்கும் நாட்களில் ஒரு வேளை பிந்தினால் நமக்குப் பசி. இந்தப் பிள்ளைக்கோ மூளை பாதிக்கப்படலாம். முகாம் பொறுப்பாளரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். கோன் பிளவரும் குளுக்கோசுத் தூளும் வைத்தியர் எழுதிய துண்டும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். பிள்ளை துவளத் தொடங்கினால், விழுங்கும் நிலையில் இருக்கும்போதே குளுக்கோசைக் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றவேண்டாம், புரையேறும். வாந்தியெடுத்து எதுவும் தங்காவிட்டால் விடியும்வரை காத்திராமல் இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.