இருபத்தெட்டுப் பவுணில் தொடங்கிய கடை



சம்பள நாளன்று பின்னேரம் நாம் முதலில் போகும் இடம் எது? கடைதான். கொப்பியில் எழுதியிருக்கும் தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்தத் தொகை சரிதானா என்று எத்தனை பேர் கூட்டிப் பார்க்கிறோம்? "அவரு எழுதினது, சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். மறுநாள் காலையில் அரை கிலோ சீனிக்கு மறுபடியும் அதே கொப்பி திறக்கிறது.

இந்தக் கதை நமக்கு மட்டும் உரியது அல்ல. ஏறக்குறைய 180 வருஷங்களுக்கு முன், இங்கிலாந்தில் துணி நெய்த தொழிலாளிகளின் வீட்டிலும் இதே கதைதான். அவர்கள் அதற்கு என்ன செய்தார்கள், அதில் எங்கே வென்றார்கள், எங்கே தோற்றார்கள் என்பதே இம்முறை நமது பாடம்.

மூடிய மில்களின் ஊர்

என் அக்கா மகன் மான்செஸ்டரில் வேலை செய்கிறான். அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, "ரொச்டேலுக்குக் கூட்டிப் போ" என்றேன். அவனுக்கு ஆச்சரியம். "அங்க என்னா மாமா இருக்கு? எல்லாம் மூடுன மில்லு. லண்டனுக்குப் போவோம், ராணி அரண்மனையைப் பாப்போம்" என்றான். "அரண்மனையைப் படத்திலேயே பாத்துக்கிறேன். எனக்கு ஒரு பழைய கடையைப் பாக்கணும்" என்றேன்.

ரொச்டேல், மான்செஸ்டருக்கு வடகிழக்கே சுமார் 16 கிலோமீற்றர். ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. பெனைன் மலைகளின் அடிவாரம். நாங்கள் இறங்கியபோது நம் மலையில் பெய்வது போலவே பொடித் தூறல். அந்த ஈரக் காற்றும் ஒரு காலத்தில் ஊருக்குச் சோறு போட்டது. காற்றில் ஈரம் இருந்தால் பஞ்சு நூல் எளிதில் அறாது. முதலில் பிளனல் என்னும் கம்பளித் துணிக்கும், பிறகு பருத்தி நூற்புக்கும் பெயர் எடுத்த ஊர் இது.

ஊர் நடுவே 1871இல் திறக்கப்பட்ட நகர மண்டபம் நிற்கிறது. கோயில் போல உயர்ந்த கூரை, வண்ணக் கண்ணாடிகள், மணிக்கூண்டு. மில்களில் காசு கொழித்த காலத்தின் அடையாளம் அது. பல வருஷத் திருத்த வேலைகளுக்குப் பிறகு 2024இல் மறுபடியும் திறந்தார்கள். அதன் பக்கத்தில் ரொச் ஆறு ஓடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றின் மேல் தளம் போட்டு மூடி வீதியாக்கிவிட்டார்கள். 2016இல் அதைத் திறந்தபோது, உள்ளே மறைந்திருந்த பழைய கற்பாலமும் வெளிச்சத்துக்கு வந்தது.

மில்கள் மட்டும் திரும்பி வரவில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஆள் பற்றாக்குறை வந்தபோது, இன்றைய பாகிஸ்தான், பங்களாதேஷ் பகுதிகளிலிருந்து ஆட்கள் வந்து இராவேலை பார்த்தார்கள். பிறகு வெளிநாட்டுத் துணி மலிவாக வர, மில்கள் ஒவ்வொன்றாக மூடின. சில இடிக்கப்பட்டன. சில களஞ்சியங்களாக மாறின. வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அந்த ஊர்க்காரர்களே.

தராசு இருக்கும் அறை

நான் தேடி வந்த கடை, டோட் லேன் என்ற சிறு தெருவில் 31ஆம் இலக்கம். செங்கல் கட்டடம். 1931 முதல் நூதனசாலையாக இருக்கிறது. உள்ளே போனால் ஒரு சிறிய அறை. பீப்பாய்கள், மேசையாக வைத்த பலகை, தராசு, மெழுகுவர்த்திகள். அக்கா மகன் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கா மாமா இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம தோட்டத்துக் கடை இதை விடப் பெரிசு" என்றான். உண்மைதான். ஆனால் இந்த அறைக்குள் நடந்தது பெரிசு.

1840களில் இந்த ஊர் நெசவாளிகளின் நிலைமையைப் பாருங்கள். சம்பளம் போதாது. சம்பளத்தைக் கூட்டிக் கேட்டுத் தோற்றுப் போனார்கள். சம்பளத்துக்குப் பதிலாகச் சாமான் கொடுப்பதை 1831ஆம் வருஷச் சட்டம் தடுத்திருந்தும், பல இடங்களில் அது ஒழியவில்லை. கடையில் கடன். கடன் இருப்பதால் வேறு கடைக்குப் போக முடியாது. போக முடியாததால், கடைக்காரர் கொடுத்ததே சாமான், சொன்னதே விலை.

சாமானிலும் கலப்படம். மாவில் சுண்ணாம்புத்தூள் கலந்தார்கள். தேயிலையை எப்படிக் கெடுத்தார்கள் தெரியுமா? ஒருமுறை ஊற்றிக் குடித்த சக்கையைக் காயவைத்து, சாயம் ஏற்றி மறுபடியும் விற்றார்கள். வேலியில் பறித்த இலைகளையும் சேர்த்தார்கள். அன்று அங்கே குடித்தது பெரும்பாலும் சீனத் தேயிலை. நம் மலைகளில் அப்போது கோப்பிதான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்டது 1867இல். ரொச்டேல் நெசவாளி கடைக் கடனில் தவித்த அதே வருஷங்களில், நம் முன்னோர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

கடன் ஆளைக் கட்டிப்போடும் என்பது அவர்களுக்கும் அனுபவம், நமக்கும் அனுபவம். இளையவர்களுக்கு "துண்டு" என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டு அது. அந்தக் கடனுக்குப் பொறுப்பு ஏற்க ஆள் இல்லாவிட்டால் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

முதல் முயற்சி தோற்றது

ரொச்டேல்காரர்கள் முதல் தடவையிலேயே வெல்லவில்லை. 1833இல் இதே தெருவில் ஒரு கூட்டுக் கடை திறந்தார்கள். அயலவர், சொந்தக்காரர் என்று எல்லாருக்கும் கடன் கொடுத்தார்கள். 1835இல் கடை மூடியது. கடனால் கஷ்டப்பட்டவர்களே கடன் கொடுத்துக் கெட்டார்கள்.

அடுத்த முறை யோசித்துச் செய்தார்கள். ஆளுக்கு ஒரு பவுண் பங்கு. ஒரே தடவையில் கொடுக்க யாரிடமும் பணம் இல்லை. எனவே வாரத்துக்கு இரண்டு பென்ஸ், பின்னர் மூன்று பென்ஸ் என்று வீடு வீடாகச் சேர்த்தார்கள். அன்று ஒரு பவுணுக்கு 240 பென்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பென்ஸ் வீதம் போட்டாலும் ஒரு பங்கு நிறைய 80 வாரம். சீட்டுக் கட்டிப் பழகிய நம் அக்காமாருக்கு அந்தப் பொறுமை விளங்கும்.

சேர்ந்தது 28 பவுண். கடை அறைக்கு வருஷ வாடகை 10 பவுண். 1844 டிசெம்பர் 21ஆம் திகதி இரவு கதவைத் திறந்தார்கள். உள்ளே இருந்தது: வெண்ணெய் 28 இறாத்தல், சீனி 56 இறாத்தல், கோதுமை மா 6 அந்தர், ஓட்ஸ் மா ஒரு மூடை, கொஞ்சம் மெழுகுவர்த்தி. இவ்வளவுதான். தெருப் பையன்கள் வாசலில் நின்று கேலி செய்தார்களாம்.

ஐந்து கட்டுப்பாடுகள்

அந்தக் கடையை நிற்க வைத்தவை அவர்கள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகள். முக்கியமான ஐந்தை மட்டும் சொல்கிறேன்.

1. கைக்காசுக்கே வியாபாரம். கடன் இல்லை. முதல் கடை கற்றுத்தந்த பாடம் இது.

2. சுத்தமான சாமான், சரியான நிறை. தராசு அங்கத்தவர் கண்முன்னே இருக்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாம் ஏன் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்று யோசித்தால், இந்த விதியின் அருமை தெரியும்.

3. இலாபம், வாங்கிய அளவுக்குப் பங்கு. பங்குப் பணத்துக்கு ஓரளவு வட்டி மட்டும். மிச்சம் சாமான் வாங்கியவருக்கே. நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் மிச்சம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் 60,000 ரூபாய்க்கு வாங்கிய குடும்பத்துக்கு 3,000 ரூபாய் திரும்பி வரும்.

4. ஆளுக்கு ஒரு வாக்கு. பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒன்றுதான், ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒன்றுதான். அந்த நாளில் பெரும்பாலான தொழிலாளிகளுக்கு நாட்டின் தேர்தலில் வாக்கு இல்லை. ஓட்டில்லாமல் வாழ்வது என்னவென்று நம் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண்களும் அங்கத்தவராகலாம். 1846இல் இலைசா பிரையர்லி என்ற பெண் சேர்ந்தார். கல்யாணமான பெண்ணின் உழைப்புக் காசும் சட்டப்படி புருஷனுக்கே என்றிருந்த காலம் அது. அந்தச் சட்டம் மாற 1870 ஆகியது.

5. படிப்புக்கு ஒரு பங்கு. இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதத்தைப் படிப்புக்கென்று ஒதுக்கினார்கள். கடைக்கு மேலே வாசிகசாலை வைத்தார்கள். கணக்குப் பார்க்கத் தெரியாத அங்கத்தவன் ஏமாறுவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1849இல் ஊரின் சேமிப்பு வங்கி மோசடியால் முறிந்தது. அதன் பிறகு பலர் சங்கத்தை நம்பி வந்தார்கள். 1850இல் அங்கத்தவர் சுமார் 600. 1860இல் சுமார் 3,450. இன்று உலகமெங்கும் கூட்டுறவுச் சங்கங்கள் பின்பற்றும் கொள்கைகளுக்கு இந்தக் கட்டுப்பாடுகளே அடிப்படை. நம் ஊர்ச் சங்கக்கடைக்கும் இதுவே மூலம்.

எங்கே தோற்றார்கள்?

வென்றதை மட்டும் சொன்னால் பாடம் பாதியில் நின்றுவிடும்.

1854இல் இவர்களில் சிலர் சேர்ந்து, தொழிலாளருக்கே சொந்தமான மில் ஒன்றைத் தொடங்கினார்கள். கடையில் வாங்குபவருக்குப் பங்கு கொடுத்தது போல, மில்லில் வேலை செய்பவருக்குச் சம்பளத்துக்கு மேல் இலாபத்தில் பங்கு. நல்ல திட்டம். ஆனால் பெரிய மில் கட்டப் பணம் வேண்டும். வெளியாரைப் பங்குக்காரராகச் சேர்த்தார்கள். அங்கே வேலை செய்யாத பங்குக்காரர் தொகை பெருகியது. 1862இல் அவர்கள் கூட்டத்தில் கை உயர்த்தி, தொழிலாளியின் பங்கை நிறுத்திவிட்டார்கள். யாரும் திருடவில்லை. விதிப்படிதான் நடந்தது. கூட்டத்தில் யார் அதிகம் என்பதே முடிவு செய்தது.

இன்னொன்றும் உண்டு, அது நம்மைத் தொடுகிறது. 1863இல் இங்கிலாந்தின் வடபகுதிக் கூட்டுறவுக் கடைகள் சேர்ந்து மொத்த விற்பனைச் சங்கம் ஒன்றை அமைத்தன. கலப்படமில்லாத தேயிலை வேண்டும் என்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து சங்கங்கள் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சொந்தத் தேயிலைத் தோட்டங்களை வாங்கின. அங்கே தேநீர் குடித்தவர் அங்கத்தவர். அவருக்கு வாக்கும் உண்டு, பங்கும் உண்டு. இங்கே கொழுந்து பறித்தவர் கூலியாள். நூதனசாலையில் நின்று இதைச் சொன்னபோது அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தத் தராசு கடல் தாண்டி வரலையா மாமா?" என்று கேட்டான். வரவில்லை. அவர்களைக் குறை சொல்லி முடிக்க இதை எழுதவில்லை. நல்ல விதியும், கூட்டத்துக்குள் இருப்பவரை மட்டுமே காக்கும் என்பதற்காக எழுதுகிறேன்.

நமக்கு என்ன?

நம் தோட்டங்களிலும் சங்கங்கள் இருக்கின்றன. வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம், மரணாதாரச் சங்கம், அக்காமாரின் சீட்டு. "சங்கமா? அது தலைவருக்கும் செக்கிரட்டரிக்கும் உள்ள வேலை" என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டால், 1862இல் நடந்தது இங்கேயும் நடக்கும். ரொச்டேலில் மில்கள் போய்விட்டன. 28 பேர் போட்ட விதிகள் மட்டும் நிற்கின்றன. தோட்டம் நாளை எப்படி மாறினாலும், கணக்குப் பார்க்கப் பழகிய பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிற்கும். ஆகவே இந்த மாதம் ஒன்றே ஒன்று செய்யுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, கடைக் கொப்பியைக் கூட்டிப் பாருங்கள்.

கூடிப் பேசுவோம்

1. 1833ஆம் வருஷக் கடை ஏன் மூடியது? நம் தோட்டத்தில் அப்படி மூடிய முயற்சி ஏதும் உண்டா?
2. போன மாதம் நம் குடும்பம் கடனில் வாங்கிய சாமான் எவ்வளவு? கைக்காசுக்கு வாங்கியிருந்தால் விலையில் வித்தியாசம் இருந்திருக்குமா?
3. நாம் அங்கத்தவராக உள்ள சங்கத்தின் பொதுக்கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது? கணக்கு வாசிக்கப்பட்டதா?
4. அந்தக் கூட்டத்தில் எத்தனை பெண்கள் பேசினார்கள்?
5. வாரத்துக்கு ஒரு சிறு தொகை என்று பத்துக் குடும்பங்கள் சேர்த்தால், 80 வாரத்தில் எவ்வளவு வரும்? அதை என்ன செய்யலாம்?