மாறாத எண்

ஓர் எண் விளையாட்டை ஆடிப் பார்ப்போமா? நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கும் ஒரே இலக்கமாக இருத்தல் கூடாது. அவ்விலக்கங்களைக் கொண்டு அமையும் மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணைக் கழியுங்கள். கிடைக்கும் விடைக்கும் அவ்வாறே செய்யுங்கள். விடை மூன்று இலக்கமானால் முன்னால் சுழியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் விடுதலை பெற்ற 1965ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம்.

9651 – 1569 = 8082
8820 – 0288 = 8532
8532 – 2358 = 6174

இனி 6174க்கும் இதையே செய்வோம். 7641 – 1467 = 6174. அதே எண்! எத்தனை முறை கழித்தாலும் விடை மாறாது. வேறு எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் 6174 வந்துவிடும்.

இந்த விந்தையைக் கண்டறிந்தவர் காப்ரேகர். இவர் மகாராஷ்டிர மாநிலத்தின் தேவ்லாலி என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். முதுகலைப் பட்டம் பெறாதவர். 1949இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் இதனை அறிவித்தார். கணித அறிஞர்கள் சிலர் அவருடைய ஆய்வுகளை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கினர். ஆயினும், அவர் மனம் தளரவில்லை. 1975இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் அவரைப் பற்றி அறிவியல் இதழ் ஒன்றில் எழுதினார். அதன் பின்னரே உலகம் அவரை அறிந்தது. அப்போது காப்ரேகருக்கு வயது 70.

நீங்கள் பிறந்த ஆண்டைக் கொண்டு கழித்துப் பாருங்கள். எத்தனையாவது படியில் 6174 வருகிறது?