கர்வ் போடும் முன்

அன்புத் தங்கைக்கு,

முகூர்த்த மாதத்தில் குவியும் பத்திரிகை ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து கர்வ் போட்டு பிரஸ்ஸுக்கு அனுப்பிக் கை சலித்துவிட்டது, ஒரு ஸ்கிரிப்ட் எழுதட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எழுது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் நாள் முழுக்க அமுக்குவதில் ஒரு கலையும் இல்லை.

ஆனால் கர்வ் ஆனபின் அங்கே இருப்பது எழுத்தில்லை, வெறும் வடிவம். தேடவும் முடியாது, அடித்துத் திருத்தவும் முடியாது. தமிழில் இது இன்னும் வம்பு. பாமினியில் அடித்த பழைய மேட்டரை அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். அது யார் கண்ணிலும் பட்டுவிடும். யூனிகோடு மேட்டர்தான் நைசாக ஏமாற்றும். வேர்ல்ட்-ரெடி கம்போஸர் தேர்வாகாத பத்தியில் ‘கொ’வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்காரும். ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாது, அப்படியே கர்வாக்கிவிடும். அதனால் கண்ணால் படிப்பது முதலில், ஸ்கிரிப்ட் பிறகு.

ஸ்கிரிப்ட் எழுதும்போது எழுத்துச் சட்டங்களை (டெக்ஸ்ட் ஃபிரேம்களை) முதலிலிருந்து எண்ணிக்கொண்டு போகாதே. ஒன்று கர்வ் ஆனதும் பட்டியலிலிருந்து கழன்றுவிடும். அடுத்தது அதன் இடத்துக்கு நகரும். உன் எண் அதைத் தாண்டிப் போய்விடும். கடைசியில் பார்த்தால் ஒன்றுவிட்டு ஒன்று எழுத்தாகவே நிற்கும். கடைசிச் சட்டத்தில் தொடங்கிப் பின்னாலிருந்து வா.

பூட்டிய லேயர் வந்தால் ஸ்கிரிப்ட் முரண்டு பிடிக்கும். உடனே எல்லாப் பூட்டையும் திற, மறைத்ததையெல்லாம் காட்டு என்று இரண்டு வரி சேர்க்கத் தோன்றும். சேர்க்காதே. மறைத்த லேயரில் என்ன இருக்கும்? போன வாரம் மாற்றிய முகூர்த்த நேரம், மனஸ்தாபத்தில் எடுக்கச் சொன்ன தாய்மாமன் பெயர். அந்த இடத்தில் ஸ்கிரிப்ட் நின்று, ஃபைல் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிடட்டும். சட்டத்தில் சிவப்புக் கூட்டல் குறி இருந்தாலும் அப்படியே. உள்ளே அடங்காமல் வழிந்த வரி, கர்வ் ஆகும்போது சத்தமில்லாமல் காணாமல் போகும். பத்திரிகையின் கடைசி வரிகள் யாருடைய பெயர்கள் என்று உனக்கே தெரியும். ஒன்று விட்டாலும் பந்தி வரைக்கும் பேச்சாகும். இன்டிசைனில் செய்தால் அடிக்கோடும் புல்லட்டும்கூடப் போய்விடும், அதையும் பார்த்துக்கொள்.

மாற்றிய ஃபைல் புதுப் பெயரில்தான் சேவ் ஆக வேண்டும். மூலத்தின் மேலேயே எழுதுகிற ஸ்கிரிப்ட்டை என் கணினிப் பக்கம் நான் விடவே மாட்டேன்.

இன்னொன்று. பிடிஎஃப் எக்ஸ்-4 வாங்கிக்கொள்வீர்களா என்று பிரஸ்ஸில் கேட்டுப்பார். ஃபாண்ட்டெல்லாம் ஃபைலுக்குள்ளேயே பொதிந்திருக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. 2001-ஆம் ஆண்டின் எக்ஸ்-1ஏ-யிலேயே அப்படித்தான். வாங்கிக்கொண்டால் பாதி வேலைக்குக் கர்வே வேண்டாம். கோரல்டிராவில் திறந்து நாலு வேலையை ஒரே தாளில் கோர்க்கிற சின்ன அச்சகங்களுக்கு மட்டும் கர்வ் அனுப்பு. பொடி எழுத்து கர்வானால் குறைந்த ரெசல்யூஷன் பிரிண்டரில் சற்றுத் தடித்துத் தெரியும். 2400 டிபிஐ பிளேட்டில் தெரியாது.

ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் ஒரு பிடிஎஃப் எடுத்து, அக்ரோபாட்டில் ஃபாண்ட் பட்டியலைத் திறந்து பார். காலியாக இருக்க வேண்டும். ஏதாவது பெயர் நின்றால், சிம்பலுக்குள்ளோ என்வலப்புக்குள்ளோ எழுத்து ஒளிந்திருக்கிறது. அதைக் கையால்தான் விரித்து மாற்ற வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்