மல்லிகைப் பூவும் மார்புக் கட்டியும்

பஜாஜ் ஆலையையும் அதைச் சுற்றி எழுந்த பட்டறைகளையும் நம்பித் தெற்கேயிருந்து வந்து, புனேக்கு அருகே ஆகுர்டியிலும் நிகடியிலும் குடும்பமாக நிலைத்துவிட்ட தமிழர் இல்லங்களில், மார்பில் ஏதோ கட்டி தட்டுப்படுவதாகப் பெண்ணொருத்தி தாழ்ந்த குரலில் சொன்ன மாத்திரத்தில், ஊரிலுள்ள பாட்டியின் வெற்றிலையும் விளக்கெண்ணெயும், அடுத்த வீட்டு மராட்டிய மாவ்ஷியின் மஞ்சள் பற்றும், கைப்பேசியில் வந்து குவியும் முகமறியாதோரின் கஷாயங்களும் ஒருங்கே வந்து சேர்ந்துவிடுகின்றன. வைத்தியர் மட்டும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறார். இவ்வுபதேசங்கள் அன்பினால் பிறந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றுள் எது எந்த உபாதைக்கு உரியது என்று பிரித்தறியாமல் எல்லாவற்றையும் எல்லாவற்றுக்கும் பிரயோகிப்பதனால்தான் அனர்த்தம் விளைகிறது.

மல்லிகையையே எடுத்துக்கொள்வோம். பிறந்த சிசுவை இழந்த தாய்க்கும், பாலை மறக்கடிக்க வேண்டிய தாய்க்கும், மல்லிகைச் சரத்தை மார்பின்மேல் வைத்துக் கட்டுவது நம்மிடையே நெடுங்கால வழக்கம். இதை வெறும் மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் தள்ளியிருக்க, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அவ்வழக்கத்தைப் பாலை வற்றச் செய்யும் புரோமோகிரிப்டின் என்னும் மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்து, 1988இல் முடிவை வெளியிட்டார்கள். பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் இரத்தத்தில் குறைந்தது மருந்தினால்தான் அதிகம் என்றாலும், பூவினாலும் அது குறையவே செய்தது. பால் கட்டுவதிலும் வலி மாத்திரையின் தேவையிலும் இரண்டுக்கும் பேதம் தென்படவில்லை. பாட்டிமார் இதில் தோற்கவில்லை என்பதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அது பால் வற்றுவதற்கான உபாயம். அதைக் கொண்டு, பாலூட்டாத முப்பது வயதுப் பெண்ணின் மார்பிலுள்ள கட்டியும் மல்லிகையால் கரையும் என்று அனுமானிப்பதற்கு ஆதாரம் சிறிதுமில்லை.

“என் நாத்தனாருக்குப் பற்றுப் போட்டே கரைந்ததே!” என்பவர்கள் பொய் சொல்லவில்லை. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் மார்பின் திசுக்கள் நீர் கோத்துத் தடித்து, கைக்கு முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டு, விலக்கு வந்தபின் தாமே தணிந்துவிடுவது பலருக்கும் இயல்பு. முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில் மிகுதியாகத் தோன்றும் நீர்க்கட்டிகளும் சில சமயம் தாமாகவே வற்றிவிடும். இளம்பெண்களிடம் காணப்படும் பைப்ரோஅடினோமா என்ற நார்க்கட்டியோ, தொட்டால் விரலுக்கு அகப்படாமல் கோலிக்குண்டைப் போல் நழுவிச் செல்வது. அதிலும் ஒரு பகுதி காலப்போக்கில் சுருங்குவதுண்டு. தானே போயிருக்கக்கூடிய கட்டி போன பெருமை அந்த வாரம் பூசிய பற்றுக்குச் சேர்கிறது; போகாமல் வளர்ந்த கட்டியின் கதையை யாரும் திண்ணையில் சொல்வதில்லை. வீட்டு வைத்தியத்தின் கீர்த்தி இப்படித்தான் ஒருபக்கமாகவே வளர்ந்துகொண்டு போகிறது.

மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து, குங்குமச் சிவப்பேறியதும் சூட்டோடு பூசும் பற்றைப் பற்றி மட்டும் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். சுண்ணாம்பின் காரம் மென்மையான சருமத்தைப் புண்ணாக்கக் கூடியது. அப்புண்ணும் சிவப்பும் தடிப்பும் சேர்ந்து, பின்னர் பரிசோதிக்கும் வைத்தியரின் கண்ணையும் விரலையும் குழப்பிவிடும். பாலூட்டும் தாய்க்கு மார்பு சிவந்து வீங்கிக் காய்ச்சல் கண்டால், முற்காலத்தில் சொல்லப்பட்டதுபோல் சூடு வைத்து அழுத்தித் தேய்ப்பதைவிட, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, குழந்தைக்கு வழக்கம்போல் பாலூட்டி, விரைவில் வைத்தியரிடம் காட்டுவதே இன்று அறிவுறுத்தப்படும் முறை.

வலித்தால்தான் புற்று, வலியில்லாத கட்டி சாது என்ற அபிப்பிராயம் உண்மைக்கு நேர்மாறானது, ஆகையால் அபாயகரமானதும் கூட. மாதந்தோறும் வந்துபோகும் வலி பெரும்பாலும் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்தால் நேர்வது. புற்றுநோய்க் கட்டியோ ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. கட்டியைச் சோதிக்க ஊசி குத்தினால் நோய் பரவும் என்ற அச்சமும் அவ்வாறே ஆதாரமற்றது. கையால் பரிசோதித்து, அல்ட்ராசவுண்டாலோ மாமோகிராமாலோ படம் பிடித்து, அவசியமானால் ஊசியின் வழியே சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது என்ற மூன்றில் செய்தவை யாவும் ஒத்துச் சொன்னாலன்றிக் கட்டியின் குணம் நிச்சயமாகாது. சாதுவான கட்டி என்று நிச்சயமானபின், அது வளர்கிறதா என்று சில மாதங்களுக்கொருமுறை பார்த்துவந்தால் போதும். எல்லாக் கட்டிக்கும் கத்தி வேண்டியதில்லை.

அந்த நிச்சயம் ஏற்பட்ட பிறகே வீட்டுப் பராமரிப்புக்கு இடம் உண்டு; அந்த இடமும் அற்பமானதன்று. புற்று இல்லை என்ற ஆறுதல் வார்த்தை ஒன்றினாலேயே பலருக்கு வலி பாதியாகிறது. அடுத்தது, பலரும் அலட்சியம் செய்யும் உள்ளாடை. சவுதி அரேபியாவில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், விளையாட்டு வீராங்கனைகள் அணிவது போன்ற நன்கு தாங்கும் உள்ளாடையை அணிந்தவர்களில் 85 சதவீதத்தினருக்கு வலி தணிந்தது. மார்பு வலிக்கான டானசால் மாத்திரை உண்டவர்களில் 58 சதவீதத்தினருக்கே தணிந்தது. கறுப்பு உள்ளாடையும் கம்பி வைத்ததும் புற்றை வருவிக்கும் என்பது வீண்பேச்சு. டைக்ளோபினாக் களிம்பைத் தடவுவது சோதனைகளில் பலன் தந்திருக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் மட்டும் கேட்டுக்கொண்டு தடவ வேண்டும். மாறாக, கடைகளில் அதிக விலைக்கு விற்கும் ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய்க்கு மார்பு வலி மருந்தாக இருந்த உரிமத்தை, பலன் நிரூபிக்கப்படவில்லை என்று 2002இல் பிரிட்டிஷ் அரசே விலக்கிக்கொண்டது. காப்பியை விட்டால் கட்டி கரையும் என்று 1979இல் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய கருத்தும் பின்னர் வந்த கட்டுப்பாடான சோதனைகளில் நிலைக்கவில்லை. ஆகவே கும்பகோணம் டிகிரி காப்பியை ஒருவரும் தியாகம் செய்ய வேண்டாம். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த, ‘சஹேலி’ என்ற பெயரில் கருத்தடைக்கு விற்கப்படும் மாத்திரையை மார்பு வலிக்கும் நம் வைத்தியர்கள் கொடுக்கிறார்கள். அதை அண்டை வீட்டார் சொல்கேட்டு வாங்கி விழுங்குவது தகாது.

கல்லாக இறுகி அசையாத கட்டி, ஆரஞ்சுத் தோல்போல் குழிவிழுந்த சருமம், புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து இரத்தக் கசிவு, அக்குளில் முடிச்சு, மாதவிடாய் நின்றபின் தோன்றிய கட்டி ஆகிய எதற்கும் ஒரு நாள் பற்றுகூடப் போட வேண்டாம். இந்நாட்டில் மார்புப் புற்றுநோய் மேனாடுகளைவிட இளவயதிலேயே வருகிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998 முதல் இருபதாண்டுகளாக 1,51,538 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டாண்டுக்கொருமுறை கையாலேயே பரிசோதித்துவந்ததால், ஐம்பதைக் கடந்த பெண்களிடையே இந்நோயினால் நேரும் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஆகுர்டி, நிகடிவாசிகளுக்கு அருகிலேயே, பிம்பிரியில் மாநகராட்சியின் யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனை இருக்கிறது. கூச்சமுடையோர் பெண் மருத்துவரே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. போகுமுன், இவ்வூர் வீடுகளின் சுவரில் தவறாமல் தொங்கும் காலநிர்ணய் நாட்காட்டியில், விலக்கான தேதியையும் வலித்த நாட்களையும் பென்சிலால் குறித்துவைத்திருந்தால் அதையும் எடுத்துச் செல்லலாம். வலி மாதச் சுழற்சியோடு சேர்ந்ததா, தனியானதா என்ற முதற்கேள்விக்கு அதுவே விடை. கட்டி உள்ளவர்கள் மட்டும் குறிப்பு சேரும்வரை காத்திராமல் உடனே புறப்பட வேண்டும்.