மூலிகை உணவும் சிறுநீரக நலமும்

நள்ளிரவில் கால் பெருவிரல் மூட்டில் திடீரென எழும் கடும் வலி, இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்துள்ளதன் அடையாளமாக இருக்கலாம். உடலின் உயிரணுக்களிலும் உண்ணும் உணவிலும் உள்ள பியூரின் சிதையும்போது இவ்வமிலம் உண்டாகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகங்களும் எஞ்சியதைக் குடலும் வெளியேற்றுகின்றன. வரவு மிகுந்தாலும் செலவு குறைந்தாலும் இருப்பு பெருகும் அல்லவா? ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் அதன் அளவு 6.8 மில்லிகிராமைக் கடந்தால், ஊசி போன்ற படிகங்கள் மூட்டுகளில் படியக்கூடும்.

நமது மரபு மருத்துவம் சிறுநீர் தடையின்றிப் பிரியச் சில தாவரங்களைப் போற்றுகிறது. தரிசு நிலத்தில் படரும் மூக்கிரட்டையை வடமொழியில் புனர்நவா, அதாவது 'மீண்டும் புதிதாவது', என்பர். கோடையில் காய்ந்தாலும் மழை கண்டதும் வேரிலிருந்து தளிர்ப்பது அதன் இயல்பு. அதன் இளந்தளிரைப் பருப்புடன் கூட்டாகச் சமைப்பர். நெருஞ்சிலையும் சிறுபீளையையும் கஷாயமாகவும், வாழைத்தண்டைப் பொரியலாகவும் சாறாகவும் கொள்வர். கீரையிலும் பருப்பிலும் பியூரின் இருப்பினும், இறைச்சியையும் கடலுணவையும் போல அவை மூட்டுவாதத்தைத் தூண்டுவதில்லை.

எனினும், நலமான சிறுநீரகத்திற்கு உகந்தது நலிந்த சிறுநீரகத்திற்கு ஊறாகலாம். கீரைகளிலும் வாழைத்தண்டிலும் இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் தளர்ந்தவர் உடலில் அது தேங்கினால் இதயத்துடிப்பே தடுமாறும். அத்தகையோருக்குக் காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டு உண்ணுமாறு அறிவுறுத்துவர். சாறாகப் பருகினால் பொட்டாசியம் முழுதும் உடலில் சேரும். புளிப்புச் சுவையுள்ள நட்சத்திரப் பழமும் இவர்களுக்கு ஆகாது. அதன் நச்சு மூளையைத் தாக்கக்கூடியது. மூலிகை என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. ஆடுதின்னாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தையே சிதைக்க வல்லது.

ஆகவே, மூலிகையைத் தேடுமுன் இரத்தத்தில் யூரிக் அமிலம், கிரியேட்டினின் ஆகியவற்றையும், சிறுநீரில் புரதத்தையும் சோதித்தறிவோம். மருத்துவர் தந்த மாத்திரையை நாமாக நிறுத்தாதிருப்போம். உட்கொள்ளும் மூலிகையை அவரிடம் மறைக்காதிருப்போம். சிறுநீரகம் நலமாயிருப்பின் மூக்கிரட்டைக் கூட்டு நம் உணவில் இடம்பெறட்டும். அது மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று.