சங்கத்தில் சேருமுன் ஒரு சொல்லை நிறுத்துப் பாருங்கள்



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து பூசை உடுப்புகளைக் கழற்றிவைத்துக்கொண்டிருந்தேன். வயதான ஒரு தாய் வந்து வாசலில் நின்றார். மகனுக்கு அமெரிக்காவில் உத்தியோகம். பேரன் அங்கே சாரணர் படையில் சேர்ந்திருக்கிறான். "சாமி, அந்தப் படையிலே ஒரு அஞ்ஞானி வீட்டுப் பிள்ளையும் இருக்கிறானாம். சூரியனையும் சந்திரனையும் கும்பிடுகிற வீடாம். அவனும் நம்ம பிள்ளையோடு நின்று விரலைத் தூக்கி, கடவுளுக்குரிய கடமையைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்கிறானாம். அது எப்படிச் சாமி? அவன் யாருக்கு வாக்குக் கொடுக்கிறான்?" என்று கேட்டார்.

வாசலில் நின்று இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல இது. உங்களில் பலர் ஏதாவதொரு சங்கத்தில் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகையால் இந்த வாரப் பாடமாக இதையே எடுத்துக்கொள்வோம்.

1. யாரைக் குறித்துப் பேசுகிறோம்?

முற்காலத்து ஞான உபதேச நூல்களில், நம் வேதத்தைச் சேராதவர்களை 'அஞ்ஞானிகள்' என்று எழுதி வந்தோம். மற்ற மதத்தினரைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ம் ஆண்டு வெளியிட்ட அறிக்கைக்குப்பின் அந்தச் சொல் நம்மிடையே மெல்ல மறைந்தது. மறைந்தது நல்லதே. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தங்களைத் தாங்களே 'பேகன்' என்று பெருமையுடன் அழைத்துக்கொள்ளும் மக்கள் உண்டு. கிறிஸ்து வேதம் பரவுமுன் அந்நாடுகளில் வழங்கிய தேவதேவியரின் வணக்கத்தைப் புதுப்பிக்க விரும்புகிறவர்கள் இவர்கள். சிலர் விக்கா மார்க்கத்தார், சிலர் துரூயிதர், சிலர் வட ஐரோப்பாவின் ஓடின், தோர் முதலிய தேவர்களை வணங்குவோர். இவர்களில் பலர் பருவங்கள் மாறும் நாட்களைத் திருநாட்களாக அனுசரிப்பார்கள். இவர்களைப் பசாசு வணக்கக்காரர் என்று நினைப்பது தவறு. பசாசு உண்டு என்பதையே இவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வதில்லை.

ஒரு சரித்திரச் செய்தியை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விக்கா மார்க்கத்தை வெளியுலகத்துக்கு அறிவித்தவர் ஜெரால்டு கார்ட்னர் என்னும் ஆங்கிலேயர். அவருடைய முக்கியமான நூல் 1954-ல் வெளிவந்தது. இதே கார்ட்னர் வாலிப வயதில் இலங்கைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். 1910-ல் கொழும்பு நகரில் பிரீமேசன் சங்கத்தில் சேர்ந்தவர். பிரீமேசன் சங்கத்தில் மூன்று படிகள் உண்டு. விக்காவிலும் மூன்று படிகள். அங்கே கண்ணைக் கட்டி அழைத்துச் சென்று ஆணை வாங்குவார்கள்; இங்கேயும் அப்படியே. இந்த உறவை ரொனால்டு ஹட்டன் என்ற சரித்திர ஆசிரியர் 1999-ல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆகவே ஒரு பேகன் அத்தகைய சங்கத்தில் நுழையும்போது அந்நியர் வீட்டில் நுழைவதாக உணர்வதில்லை. தூரத்து உறவினர் வீட்டுக்குப் போவதுபோல்தான் போகிறார்.

2. சகோதர சங்கங்கள்

பிரீமேசன்களின் கூடத்துக்கு 'லாட்ஜ்' என்று பெயர். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் லாட்ஜ் அல்ல, குழப்பம் வேண்டாம். லண்டனில் 1717-ல் தோன்றியதாகச் சொல்லப்படும் பெரிய லாட்ஜ், 1723-ல் தன் சட்டநூலை அச்சிட்டது. இன்றைய இங்கிலாந்துப் பிரீமேசன் சங்கத்தின் விதி யாதெனில், சேருகிறவன் பரம்பொருள் ஒன்று உண்டென்று விசுவசிக்க வேண்டும். அது எந்த மதத்தின் கடவுள் என்று சங்கம் கேட்காது. அவனவன் தன் தன் வேத நூலின்மேல் ஆணையிடலாம். கூடத்துக்குள் மதத் தர்க்கமும் அரசியல் தர்க்கமும் கூடா. பிரான்சு தேசத்துப் பெரிய சங்கம் 1877-ல் கடவுள் விசுவாசம் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டபோது, இங்கிலாந்தார் அவர்களோடு உறவை முறித்துக்கொண்டார்கள். அந்த ஒரு சொல்லை அவர்கள் எவ்வளவு பெரிதாக மதித்தார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

அமெரிக்காவில் 'ஆட் பெல்லோஸ்' என்று மற்றொரு சங்கம் உண்டு. 1819-ல் பால்டிமோர் நகரில் தாமஸ் வைல்டி என்பவர் அதை ஆரம்பித்தார். நோயாளியைச் சந்திப்பது, துன்பப்படுவோருக்கு உதவுவது, இறந்தோரை அடக்கம் செய்வது, அநாதைப் பிள்ளைகளைப் படிக்கவைப்பது ஆகியவை அதன் கடமைகள். நாம் மனப்பாடம் செய்யும் தரும கிரியைகளைப்போலவே இருக்கின்றன அல்லவா? அங்கும் பரம்பொருள் விசுவாசமே நுழைவுச் சீட்டாக இருந்து வந்தது.

பேகன்கள் ஏன் இச்சங்கங்களைத் தேடுகிறார்கள்? அவர்களுக்குக் கோவில்கள் மிகக் குறைவு. சிறு சிறு குழுக்களாகச் சிதறிக் கிடக்கிறார்கள். சிறிய ஊர்களில் சகோதர சங்கம் என்பது ஒரு கூரை, ஒரு சடங்கு, நோயில் விழுந்தால் வந்து பார்க்க நாலுபேர். மனிதன் தனியே இருக்கப் படைக்கப்பட்டவனல்ல.

ஆனால் வாசலிலேயே ஒரு கேள்வி நிற்கிறது: பல தேவர்களை வணங்குகிறவன், பரம்பொருள் ஒன்றை விசுவசிக்கிறேன் என்று மனச்சாட்சியோடு சொல்ல முடியுமா? இக்கேள்வி இந்தியாவில் முன்பே எழுந்ததுதான். கல்கத்தாவில் ஓர் இந்துவைப் பிரீமேசனாகச் சேர்க்கலாமா என்று பல வருஷம் வாதாடி, 1872-ல்தான் சேர்த்தார்கள். அமெரிக்காவிலோ மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பெரிய லாட்ஜ். ஒன்றின் தீர்ப்பு மற்றொன்றைக் கட்டாது. புளோரிடா மாநிலப் பெரிய லாட்ஜின் தலைவர் 2012-ல் பேகன், விக்கா, ஓடின் வணக்க மார்க்கங்கள் பிரீமேசன் கொள்கைக்கு ஒவ்வாதவை என்று தீர்ப்பளித்தார். எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்ற கதவுக்கும் ஒரு நிலைப்படி இருக்கிறது என்பது அப்போது தெரியவந்தது.

பேகன்களிலும் இரு வகையாகப் பதில் சொல்லுவார்கள். தேவர்கள் யாவரும் ஒரே பொருளின் பல முகங்கள் என்று நம்புகிறவர் தடையின்றி 'ஆம்' என்பார். தேவர்கள் பலர், ஒருவருக்கொருவர் வேறானவர் என்று உறுதியாக நம்புகிறவரோ தயங்கி நிற்பார். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன்.

நம் திருச்சபையின் நிலை உங்களுக்குத் தெரியும். பாப்பரசர் பன்னிரண்டாம் கிளெமெந்து 1738-ல் பிரீமேசன் சங்கத்தைக் கத்தோலிக்கருக்குத் தடைசெய்தார். ஆட் பெல்லோஸ் சங்கத்தின்மேல் 1894-ல் தடை வந்தது. பிரீமேசன் தடை இன்றும் நீடிக்கிறதென்று உரோமை 1983-லும், மறுபடி 2023-லும் அறிவித்தது. காரணங்களில் முக்கியமானது இது: எல்லாரும் ஒப்பும்படி கடவுள் என்ற சொல்லை அகலமாக்கிக்கொண்டே போனால், முடிவில் அதனுள் ஒன்றும் மிஞ்சாது. கவனியுங்கள்: அதே சொல் நமக்கு மிகவும் அகலமாக இருக்கிறது, உறுதியான பேகனுக்கோ மிகவும் குறுகலாக இருக்கிறது. இருவரும் ஒரே வாசலில் தயங்குகிறோம்.

3. சேவைக் கழகங்கள்

இங்கே நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. சிகாகோ நகரில் 1905-ல் பிறந்த ரோட்டரி, டெட்ராயிட்டில் 1915-ல் பிறந்த கிவானிஸ், 1917-ல் பிறந்த லயன்ஸ் ஆகியவை மதக் கேள்வி கேட்டு ஆள் சேர்ப்பதில்லை. இரகசியமில்லை, ஆணையில்லை. ஆகையால் பேகன் ஒருவர் அங்கே சேர்வதற்குக் கொள்கைத் தடை எதுவுமில்லை. அமெரிக்கக் கழகங்கள் பலவற்றில் கூட்டத் தொடக்கத்தில் ஒருவர் ஜெபம் சொல்லுவது வழக்கம். அந்நேரம் அவர் மரியாதையாக மௌனமாயிருப்பார், அவ்வளவே சங்கடம்.

இவற்றைக்கூட ஒரு காலத்தில் நம்மவர் சந்தேகத்தோடு பார்த்ததுண்டு. குருமார் ரோட்டரியில் சேரக்கூடாதென்று 1950-ம் ஆண்டின் கடைசியில் உரோமையில் கட்டளை பிறந்தது. ஆனால் 1979-ல் ரோட்டரியின் உலக மாநாடு அதே உரோமையில் கூடியபோது, பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவர்களுக்கு உரையாற்றினார். இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க ரோட்டரி 1985-ல் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2014-ல் இந்தியா அந்நோயற்ற தேசமென்று சான்று பெற்றது. அந்தச் சொட்டு மருந்துக்குப் பணம் கொடுத்தவன் எந்தத் தேவனை வணங்கினான் என்று எந்தத் தாயும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதுமில்லை.

4. பிள்ளைகளின் சங்கங்கள்

விஷயம் கடினமாவது இங்கேதான். வளர்ந்தவன் தன் சொல்லுக்குத் தானே பொறுப்பு. பிள்ளையின் வாயில் சொல்லை வைப்பவர்கள் நாம்.

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1910-ல் தொடங்கியது. 2025 முதல் 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என்று பெயர் மாறியது. கடவுளுக்குள்ள கடமையை ஒப்புக்கொள்ளாமல் நல்ல குடிமகனாக வளர முடியாது என்பது அதன் கொள்கை. நாத்திகக் குடும்பத்துப் பையன் ஒருவனைச் சேர்க்க மறுத்ததற்காக வழக்கு நடந்தது. 1993-ல் மேல்கோர்ட்டு இயக்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. எந்த மதமானாலும் சரி, ஏதாவதொரு விசுவாசம் வேண்டும் என்பதே விதி. ஆகவே பேகன் வீட்டுப் பிள்ளைக்கு இடமுண்டு. ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. கத்தோலிக்கப் பிள்ளை தன் வேதத்தைக் கற்றதற்காக ஒரு பதக்கம் வாங்கிச் சாரணச் சட்டையில் அணியலாம். யூதப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அப்படியே. 1975-ல் கலிபோர்னியாவில் அமைந்த 'தேவி உடன்படிக்கை' என்ற விக்கா அமைப்பும் தன் பிள்ளைகளுக்கு ஒரு பதக்கம் ஏற்படுத்தியது. அதைச் சாரணர் இயக்கம் அங்கீகரிக்கவில்லை. பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் எல்லாரும் அணிய, ஒரு பிள்ளையின் சட்டை மட்டும் வெறுமையாக இருந்தால் அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும்?

வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஒரு விக்கா சபையார் 1999-ல் 'ஸ்பைரல் ஸ்கவுட்ஸ்' என்று தங்களுக்கே ஒரு பிள்ளைகள் இயக்கம் தொடங்கினார்கள். இதைக் கேட்டு யாரும் நகைக்க வேண்டாம். 1882-ல் கனெக்டிகட் மாநிலத்து நியூஹேவன் நகரில் மிக்கேல் மக்கிவ்னி என்ற உதவிப் பங்குக்குரு செய்ததும் இதுவே. குடும்பத் தலைவன் இறந்தால் விதவையும் பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். உதவி தரும் சங்கங்களோ திருச்சபை தடுத்தவை. அவர் நம் ஏழைத் தொழிலாளிகளைக் கூட்டி 'கொலம்பஸ் வீரர்' சங்கத்தை ஏற்படுத்தினார். 2020-ல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கிடைத்தது. மற்றவன் வீட்டில் மனச்சாட்சியோடு நுழைய முடியாதவன் தன் வீட்டைக் கட்டிக்கொள்வது குற்றமல்ல.

வேறு சிலர் சொல்லையே மாற்றிவிட்டார்கள். அமெரிக்கச் சாரணியர் 1993-ல், வாக்குறுதியில் கடவுள் என்ற இடத்தில் தத்தம் விசுவாசத்துக்கேற்ற சொல்லை வைக்க அனுமதித்தார்கள். இங்கிலாந்துச் சாரணியர் வாக்குறுதியிலிருந்து 2013-ல் அச்சொல்லே எடுபட்டது. நம் பாரத சாரண சாரணியர் இயக்கத்திலும், விரும்பினால் கடவுள் என்பதற்குப் பதிலாக 'தர்மம்' என்று சொல்ல இடமுண்டு. உங்கள் பிள்ளைகள் எதைச் சொல்லுகிறார்கள் என்று கேட்டதுண்டா?

5. நமக்குரிய பாடம்

அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் பத்தாம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். விசுவாசியாத ஒருவன் விருந்துக்கு அழைத்தால், போக விரும்பினால் போ, வைத்ததைச் சாப்பிடு என்கிறார். பலிபீடத்தில் பங்குகொள்ளும் விஷயத்திலோ, இரண்டு பந்தியில் உட்காரலாகாது என்கிறார். விருந்து வேறு, பீடம் வேறு. ஆகவே எந்தச் சங்கத்திலும் சேருமுன் மூன்று காரியங்களை விசாரியுங்கள். அது என்னிடம் இரகசிய ஆணை கேட்கிறதா? கடவுளைப்பற்றித் தானே ஒரு போதனை வைத்திருக்கிறதா? அது கேட்கும் சொல்லை நான் முழு மனதோடு சொல்ல முடியுமா? விருந்தாக இருந்தால் யாரோடும் உட்காருங்கள். பீடமாக இருந்தால் சொந்த வீட்டில் நில்லுங்கள்.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன சிறு பதிலோடு முடிக்கிறேன். "அம்மா, அந்தப் பையன் தன் வீட்டில் எதைக் கடவுளென்று கற்றானோ, அதற்கே வாக்குக் கொடுக்கிறான். சுற்றியிருக்கிற எல்லாரும் வேறு விதமாக நம்புவதால், அந்தச் சொல் வரும்போதெல்லாம் அவன் ஒரு கணம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கும். நம்ம பேரன் யோசிக்கிறானா?" அவர் சற்று நேரம் பேசாமல் நின்று, "இந்த வாரம் போனிலே கேட்கிறேன் சாமி" என்றார்.

நம் பிள்ளைக்கு ஆபத்து பக்கத்தில் நிற்கும் அந்நியப் பிள்ளையால் வருவதல்ல. அர்த்தம் அறியாமல் கடவுளின் பெயரைச் சொல்லும் பழக்கத்தால் வருவது. இரண்டாம் கற்பனை தடுப்பது அதையே அல்லவா?

வீட்டில் கலந்து பேச:

1. நான் சேர்ந்திருக்கும் சங்கத்தின் வாக்குறுதி என்ன? அதைப் பார்க்காமல் சொல்ல எனக்குத் தெரியுமா?

2. அதில் கடவுள் என்ற சொல் இருந்தால், அது எனக்கு யாரைக் குறிக்கிறது?

3. வேறு விசுவாசமுள்ள பிள்ளை ஒருவன் நம் பிள்ளையோடு வீட்டுக்கு வந்தால், அவனை எப்படி நடத்துவோம்?

உங்கள் பங்குக்குரு.